கிழட்டு ஈக்களும் உன் அம்மாவின் தூக்கமும்

தம்பி,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் என்னவோ நடந்துவிட்டது என்று நீ சந்தேகப்படுவாய், என் பிள்ளைதானே. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மானகிரி வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. செவலைப் பசு கன்று போட்டது. உன் அம்மா நன்றாகத் தூங்குகிறாள். இந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். இதைப் படித்து முடிக்கும் வரை, மதுரையில் நீ டைப் அடிக்கக் கொடுத்திருக்கிற ஆராய்ச்சியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடாதே. படித்ததும் உனக்குக் கோபம் வரும். ஒப்படைத்த பிறகு வருகிற கோபத்தைவிட இப்போது வருகிற கோபம் நமக்கு நல்லது.

சந்தேகம் உங்களுக்குக் குணமா தொழிலா என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். இரண்டும்தான். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஓடிய பஸ்களில் டிக்கெட் செக்கராக என் பாதி ஆயுள் போனது. நடுவழியில் ஒரு புளியமரத்தடியில் நின்று கையைக் காட்டுவேன். வண்டி நிற்கும், கண்டக்டரின் முகம் சுருங்கும், நான் ஏறுவேன். சந்தேகப்படுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவன், வீட்டுக்கு வந்ததும் அதைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியாது. நான் ஏறியதும் பஸ்ஸில் சிலர் தூங்கிப்போவார்கள். அவர்களுக்காகவே என் பையில் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். இருக்கைக் கம்பியில் அதால் ஒரு தட்டு. நிஜமாகத் தூங்குகிறவன் முதல் தட்டுக்கு அசையமாட்டான். அடுத்த தட்டுக்கு வாயைத் துடைத்துக்கொண்டு இது எந்த ஊர் என்பான். பொய்த்தூக்கக்காரன் முதல் தட்டிலேயே கண்ணை அகலத் திறந்து, "டிக்கெட்டா சார்?" என்று தெளிவாகக் கேட்பான். அந்தத் தெளிவை வைத்துத்தான் நான் அவனைப் பிடிப்பேன். சின்ன வயதில் எண்ணெய்க் குளியலுக்குப் பயந்து நீ கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தபோது உன்னிடமும் இதைச் செய்து பார்த்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "நான் தூங்குறேம்ப்பா" என்று பதில் சொன்னாய்.

பழ ஈக்களை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை நினைத்துப்பார். கல்லூரியின் இருட்டறை ஒழுகியது என்றாய். பஞ்சு அடைத்த பாட்டில்களைச் சாக்குப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். பாட்டிலின் அடியில் வாழைப்பழமும் வெல்லமும் கலந்த கூழ். அதன்மேல் கடுகைவிடச் சின்னதாக, சிவந்த கண்ணுடைய ஈக்கள். நாம் கையை வீசி விரட்டுகிற பூச்சிக்கு நீ சோறு போட்டு வளர்ப்பதைப் பார்த்து உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் இல்லாத அறை ஒன்று வேண்டும் என்று நீ கேட்டதும், நம் வீட்டில் அப்படி ஒரே ஒரு அறைதான் உண்டு என்று நினைத்தேன். அது வள்ளிக்கண்ணு இருக்கிற அறை.

உன் அக்காவை உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். அவள் காய்ச்சலில் போனபோது உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. அப்போது இங்கே மின்சாரம் கிடையாது. விளக்கு எரிந்தால்தான் அவள் தூங்குவாள். நீ அதை ஊதி அணைத்துவிட்டு, அவள் அலறுவதைக் கேட்டுச் சிரிப்பாய். அவள் போன பிறகு, கன்னியாகப் போன பெண்ணுக்கு நம் பக்கத்தில் செய்கிற மாதிரி, பனையோலைப் பெட்டியில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் ரிப்பனும் வைத்து, உள்ளறையில் வீட்டுச்சாமியாக வைத்தோம். வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் துணி மாற்றுவோம். பொழுது சாய்ந்ததும் உன் அம்மா அந்தப் பெட்டிக்கு முன்னால் அகல் ஏற்றுவாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. பிரசவத்துக்கோ சாவுக்கோ வெளியூர் போக நேர்ந்தால், விளக்கை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

"பெட்டி இருந்துட்டுப் போகட்டும்மா. வெளக்கு மட்டும் வேண்டாம். துளி வெளிச்சம் பட்டாலும் கெட்டுப்போகும். ஒரு வருஷந்தான்" என்று நீ கேட்டாய். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, "படிப்புக்குத்தானே கேக்குறான்" என்று ஒத்து ஊதினேன். உன் அம்மா பெட்டியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், "சரிப்பா" என்றாள். அதோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே உறுத்தியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஒரே சொல்லில் அவள் சரி என்று சொன்ன எதற்கும் அவள் சம்மதித்ததில்லை. அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ வாசலுக்கு இரட்டைக் கறுப்புத் துணி கட்டினாய்.

அதன் பிறகு நீ செய்ததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு உள்ளே போவாய். ஈக்குச் சிவப்பு தெரியாது என்றாய். அதை ஈ வந்து உன்னிடம் சொன்னதா என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, அதையும் பொறுமையாக விளக்கினாய். ஈக்கு இரண்டு மாதம்தான் ஒரு ஆயுள், அதனால் இளமையையும் கிழத்தையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றாய். இளம் ஈக்கள் வெளிச்சமே படாத இருட்டிலும் விடிகிற நேரத்திலும் மசங்குகிற நேரத்திலும் ஓடியாடும், நடுப்பகலில் அசையாமல் கிடக்கும், ராத்திரி ஓய்ந்துவிடும். உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்றாய். கிழட்டு ஈக்களுக்கு அந்தக் கடிகாரம் தளர்ந்துபோகும். பகலில் அங்கங்கே சொக்கி நிற்கும், ராத்திரியில் காரணமில்லாமல் எழுந்து நடக்கும். அவற்றின் ஓய்வு துண்டு துண்டாகச் சிதறிப்போகும். நீ சொல்லச் சொல்ல எனக்கு என் முதுகில் யாரோ விரல் வைத்த மாதிரி இருந்தது. என் தூக்கமும் சில வருஷமாக அப்படித்தான். உன்னிடம் சொன்னால் என்னையும் பாட்டிலில் போட்டுவிடுவாய் என்று சொல்லவில்லை.

ஒருநாள் நீ பென்சிலை எடுத்து ஒரு பாட்டிலைத் தட்டினாய். சும்மா உட்கார்ந்திருக்கிற ஈ மெல்லிய தட்டுக்கே நகரும், நிஜமாக ஓய்ந்துகிடப்பது பலமாகத் தட்டினால்தான் அசையும் என்றாய். ஈ தூங்குகிறது என்று எழுதினால் எல்லாரும் சிரிப்பார்கள், அதனால் ஓய்வு என்றுதான் எழுதப்போகிறேன் என்றும் சொன்னாய். எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா? என் பிள்ளை ஈக்களிடம் டிக்கெட் கேட்கிறான் என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ரொம்ப நேரம் உள்ள இருக்காதீக ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் சந்தேகம் எனக்கு உன் இளம் ஈக்கள்மேல்தான் வந்தது. அவை அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தன. வெளியே விடிவதையே பார்க்காத பூச்சி, மாதக்கணக்கில் அதே நேரத்துக்கு எழுந்திருக்குமா? "நாளாக நாளாகக் கொஞ்சமாவது முன்னப் பின்னப் போக வேணாமா?" என்று கேட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, முழு இருட்டில் நாளுக்குக் கொஞ்சம் நகரத்தான் செய்யும் என்று நீயே ஒப்புக்கொண்டாய். பிறகு, "நம்ம ஈ நல்ல ஈப்பா" என்றாய். தம்பி, எந்தப் பஸ்ஸும் எல்லா நாளும் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்ததாக டிரிப் ஷீட் சொன்னால், நான் அந்த டிரைவரைப் பாராட்டியதில்லை, இறங்கி விசாரித்திருக்கிறேன். உன் பேராசிரியர் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டு, பிரமாதம் என்று உன் தோளைத் தட்டினார். நம் வீட்டுப் பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம ஆராய்ச்சி" என்று சொன்னார். அந்த நம்மில் நீ எவ்வளவு, அவர் எவ்வளவு என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பிறகு நான் வாழைப்பழத்தைச் சந்தேகப்பட்டேன். நீ காரைக்குடி சந்தையில் பழக்கடை பாயிடம் கனிந்து கறுத்த பழமாகப் பார்த்து வாங்கிவருவாய். மூட்டம் போட்டுப் பழுக்கவைத்த பழத்தில் புகை ஏறியிருந்தால், கிழட்டு ஈக்கள் மயங்கிக் கிடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் அல்லவா? உனக்குத் தெரியாமல் போய் அவரிடம் கேட்டேன். இந்தத் தார் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் மூட்டத்தில் இருந்தது, என்ன போட்டுப் புகைத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டதும், அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செக்கரய்யா, ரிட்டயர் ஆயிட்டீகன்னு சொன்னாக. இப்ப பழத்துக்கும் டிக்கெட் கேக்குறீகளா? உங்க மகன் வாங்குறது மரத்துலயே பழுத்தது. ஈக்குன்னு சொல்லித்தான் வாங்குறாரு. மனுசன் திங்கிறதுக்குக்கூட நான் இம்புட்டு பாத்துக் குடுக்கிறதில்லை" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேசாமல் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதற்கிடையில்தான் உன் அம்மாவின் தூக்கம் கெட்டது. முறத்தில் அரிசியோடு உட்கார்ந்தவள் அப்படியே தலை சாய்ந்துவிடுவாள். பகலில் கண் சிவந்து கிடக்கும். குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். கோலம் போடுகையில் புள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ராத்திரி தூக்கம் வரவில்லையா என்று நீ கேட்டதற்கு, "வருது, போகுது" என்றாள். நீ அவளைச் சந்தேகப்படவே இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வயசுப்பா. என் பாட்டிலப் பாத்தீகல்ல, அதேதான். பகல்ல சொக்கும், ராத்திரி முழிக்கும். ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். உன் குரலில் வருத்தம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. படித்தது கண்முன்னால் நிஜமாக நடக்கிறபோது வருகிற சந்தோஷம். உன் அம்மாவுக்கு ஐம்பதுதான் தாண்டியிருந்தது. அந்த வயதிலா அவளைக் கிழட்டுப் பாட்டிலில் சேர்த்தாய் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

டாக்டரும் வயசு என்றுதான் சொன்னார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். படுக்கப்போகும்போது தண்ணீரோடு நான்தான் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். மாத்திரை தீர்ந்துகொண்டே வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. ஒருநாள் கஷாயத்துக்கு மிளகு எடுக்கலாம் என்று அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். சீரகத்துக்கு அடியில் வெள்ளையாக அத்தனை மாத்திரையும் கிடந்தன. ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை. தூக்கம் வராமல் தவிக்கிறவள் தூக்க மாத்திரையை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? உன்னிடம் அன்றே சொல்லியிருப்பேன். சொன்னால் அதற்கும் வயசு என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்து சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிறவள், பால்காரன் மணியடிக்கிற வரை போர்த்திக்கொண்டு கிடந்தாள். என் பழைய பென்சிலை எடுத்துக் கட்டில் காலில் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். அவள் உடனே கண்ணைத் திறந்து, "என்னங்க, பால் வந்துருச்சா?" என்று கேட்டாள். குரலில் தூக்கத்தின் கரகரப்பு கொஞ்சம்கூட இல்லை. முகத்தில் தலையணைத் தடம் இல்லை. பஸ்ஸில் நான் பிடித்த அத்தனை பேரின் முகமும் அந்த முகத்தில் இருந்தது. இவள் எழுந்து எங்கோ போய்விட்டு வந்து, தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள். எங்கே போனாள்? எனக்குத் தோன்றாத கெட்ட நினைப்பில்லை. பெரிய நோய் வந்து, வலியை மறைக்கிறாளோ என்று நினைத்தேன். புத்தி கலங்கிக் கிணற்றுப் பக்கம் போகிறாளோ என்று நினைத்தேன். கிணற்றுக்குப் பலகை அடித்து மூடியது அதற்காகத்தான். இலை விழுகிறது என்று உன்னிடம் சொன்னது பொய். அந்த நாட்களில் நான் பயந்த மாதிரி என் வாழ்நாளில் பயந்ததில்லை.

நீ காகிதங்களை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினாய். மிச்சமிருக்கிற பாட்டில்களுக்கு மட்டும் கூழ் மாற்றுங்கள், துணியைத் திறந்து வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வாரம் ஒருநாள் நான் குன்றக்குடிக்குப் போனேன். உன் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டுதான் போனேன். மலையிறங்கியதும் பஸ் உடனே கிடைத்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கே வீட்டுக்குள் வந்துவிட்டேன். கூடத்தில் ஆள் இல்லை. ரேடியோ பாடவில்லை. உள்ளறை வாசலில் கறுப்புத் துணிக்குக் கீழே, தரையோடு தரையாக ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. நல்லெண்ணெய் வாசனை வந்தது. நான் துணியை விலக்கினேன்.

உன் அம்மா ஓலைப் பெட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அகல் எரிந்துகொண்டிருந்தது. அலமாரியில் உன் பாட்டில்கள் அத்தனையும் அந்த வெளிச்சத்தில் பளபளத்தன. அவள் திடுக்கிடவில்லை. மாட்டிக்கொண்டவர்களின் முகம் எனக்குத் தெரியும். அது அவளிடம் இல்லை.

"என்ன பண்ணுற?" என்றேன்.

"வெளக்கு வக்கிறேன்."

"தம்பி வேணாம்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னான். எனக்குப் பொறந்தது ரெண்டு. ஒண்ணு வாயத் தொறந்து கேட்டுச்சு. இன்னொண்ணு கேக்க முடியாதுல்ல. அதுக்கும் நாந்தேன பாக்கணும்."

"எத்தன நாளா இது?"

"துணி கட்டுன மறுநாள்லேருந்து. சாயந்தரம் வக்கலாம்னா தம்பி இந்த வாசல்லயேதான் உக்காந்திருக்கும். அதான் விடியிறதுக்கு முன்ன எந்திரிச்சு வருவேன். ஒரு திரி எரியிற மட்டுந்தான். பெறகு அணைச்சிட்டுப் போய்ப் படுத்துக்குவேன். பொழுதுக்கும் இருட்டுக்குள்ளயே கெடக்கா. ஒரு நேரமாச்சும் வெளிச்சத்தப் பாக்கட்டுமே."

"அந்த மாத்திரை?"

"அதப் போட்டா எந்திரிக்க முடியுமா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்டயா? நீங்க செக்கருல்ல" என்றாள்.

நான் துணியை விட்டுவிட்டு உள்ளே போனேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நாளாகத் தேடியதைக் கண்டுபிடித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. அவளுக்கு நோய் இல்லை, புத்தி கலங்கவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய அதே நேரத்தில் உன் நினைப்பு வந்து ஏறிக்கொண்டது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. "தம்பிகிட்ட சொல்லிராதீக. அவன் படிப்பு போயிரும்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். நீ முழு இருட்டு என்று எழுதியிருக்கிற அறையில், விடியுமுன் தினமும் ஒரு விளக்கு எரிந்திருக்கிறது. உன் இளம் ஈக்கள் நேரம் தவறாமல் எழுந்தது உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தாலா, உன் அம்மாவின் அகலாலா? அவை ஏன் நாளுக்குக் கொஞ்சமும் நகரவில்லை என்ற என் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதே விளக்கு கிழட்டு ஈக்களுக்கும் எரிந்ததே, அவை ஏன் தடம் மாறின? விளக்கைக் காட்டியும் ஒழுங்குக்கு வராத அளவுக்கு அவற்றின் கடிகாரம் தளர்ந்திருந்தது என்றால், உன் முடிவு கெட்டதா, பலப்பட்டதா? எனக்குத் தெரியாது. அதை நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியவன் நீ. பேராசிரியர் இதைக் கேட்டதும், யாருக்கும் தெரியாது, அப்படியே கொடுத்துவிடு என்று சொல்வார் என்று நான் சந்தேகப்படுகிறேன். ஒருவேளை அவர் நல்லவராகவும் இருக்கலாம். எப்படியானாலும் முழு இருட்டு என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடப்போவது நீதான். அது பொய் என்று தெரிந்த பிறகு போடாதே. இன்னும் ஒரு வருஷம் போனால் போகட்டும். வேலை தள்ளிப்போகும், கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். நமக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

நான் உனக்குச் சொல்ல வந்தது ஈயைப் பற்றி மட்டும் இல்லை. வயசு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை ரொம்பச் சந்தேகப்படு. அந்தச் சொல்லைச் சொன்னதும் விசாரணை முடிந்துவிடுகிறது. பஸ் தாமதமானால் ரோடு சரியில்லை என்று டிரைவர் சொல்வான். ரோடும் சரியில்லாமல்தான் இருக்கும், அதனால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். உன் அம்மாவுக்கு வயதாவதும் உண்மைதான், எனக்கு ஆவதும் உண்மைதான். ஒருநாள் எங்கள் தூக்கம் நிஜமாகவே துண்டு துண்டாகப் போகும். அன்றைக்கு நீ வயசு என்று சொல்லிக்கொள். ஆனால் ஒவ்வொரு பாட்டிலாகத் தட்டிப் பார்த்துத்தான் தூங்குகிறதா, சும்மா இருக்கிறதா என்று எழுதினாய். உன் அம்மாவின் கட்டிலை ஒருமுறை தட்டிப் பார்க்க உனக்குத் தோன்றவில்லை. எனக்கு உன்மேல் இருக்கிற வருத்தம் இது ஒன்றுதான். நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிற பெண் ஒரே சொல்லில் சரி என்று சொன்னால், அங்கேயே நின்று இன்னொரு தடவை கேள். நான் கேட்காமல் விட்டேன். அதனால்தான் என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி திருட்டுத்தனமாக விளக்கு வைக்க வேண்டியதாகிவிட்டது.

உனக்கு எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதும், உன் அம்மா ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் கொண்டுவந்து வைப்பாள். மறுநாள் தானாகவே வந்து, "எழுதுறதுன்னா இதையும் சேத்து எழுதுங்க" என்றாள். "வெளக்கு வச்சதும் எளசுக எல்லாம் இங்குட்டு வெளிச்சத்தப் பாத்து வந்துரும். கெழடுக நின்ன எடத்துலயே நிக்கும். சிலது அங்குட்டுத் திரும்பிக்கும். எனக்கு அதுகளப் பாக்கப் பாவமா இருக்கும். அதுகளுக்கும் தெரியட்டுமேன்னு வெளக்கக் கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கமா வச்சுப் பாத்தேன். அப்பவும் வரல." இது உனக்கு உதவுமா என்று தெரியாது. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மறுபடி செய்வதென்றால், மாட்டுத் தீவனம் போடுகிற கொட்டகையின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துத் தருகிறேன். கூரை இடுக்கையெல்லாம் சுண்ணாம்பு பூசி மூடிவிடலாம். சாவி உன்னிடமே இருக்கட்டும், எனக்கும் வேண்டாம், உன் அம்மாவுக்கும் வேண்டாம். உள்ளறை மட்டும் இனி உனக்குக் கிடைக்காது. கறுப்புத் துணியை நான் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். பாட்டில்களைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். கூழ் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் உன் அம்மா எல்லார் கண்ணுக்கும் தெரிய வள்ளிக்கண்ணுக்கு விளக்கு வைக்கிறாள். நீ வரும்போது ஒருநாள் நீ ஏற்று. அந்த விளக்கை நீ ஊதி அணைத்துத்தானே அவளுக்குத் தெரியும்.

நேற்றுக் காலையில் பால்காரன் மணியடித்துவிட்டுப் போன பிறகும் உன் அம்மா எழுந்திருக்கவில்லை. கன்று கத்தியது. ரேடியோவில் செய்தி முடிந்தது. எனக்கு மறுபடியும் சந்தேகம். பென்சிலை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் காலில் தட்டினேன். அவள் அசையவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினேன். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, "வள்ளி, எந்திரிடி, விடிஞ்சிருச்சு" என்று உன் அக்காவை எழுப்பிவிட்டு, தான் தூங்கிப்போனாள்.

பாலை நானே காய்ச்சினேன்.

உன் அப்பா